நெல்லை வானத்துக்கு எந்தச் செயற்கைக்கோள்?

கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்களைப் பார்க்க வருகிறவர்கள் பலருக்கும் அதே ஊரில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பது தெரியாது. காந்த நடுக்கோடு (பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடு) நம்ம பக்கமாகப் போவதால்தான் அது இங்கே வந்தது. பகலில் சுமார் 105 கி.மீ. உயரத்தில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் பாய்கிறது. அதை நடத்தும் அதே மின்புலம்தான் 300 கி.மீ.க்கு மேலுள்ள பிளாஸ்மாவையும் (மின்னேற்றம் பெற்ற வாயு) தூக்கிவிடுகிறது. தூக்கப்பட்டது காந்தக் கோடுகள் வழியே வடக்கிலும் தெற்கிலும் வழிந்து இறங்குகிறது. இந்த இரண்டு அடுக்கின் கொடுக்கல் வாங்கலை நம் தலைக்கு மேல் யார் நன்றாகப் பார்க்கிறார்கள்?

நாசாவின் கோல்ட் கருவி எடுக்கும் மேல்வளிமண்டலப் படங்கள் அழகோ அழகு. ஆனால் அது நிற்பது 47.5 டிகிரி மேற்குத் தீர்க்கரேகையில். அமெரிக்கக் கண்டங்களும் அட்லாண்டிக்கும்தான் தெரியும். விட்டுவிடலாம்.

ஐரோப்பாவின் ஸ்வார்ம் (2013) மூன்று செயற்கைக்கோள்கள். தான் போகும் இடத்து எலக்ட்ரான் அடர்த்தியை நேரடியாக அளக்கும், அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் துருவப் பாதை. வள்ளியூரில் நிற்காத எக்ஸ்பிரஸ் மாதிரி, மின்னோட்டப் பட்டை முழுவதையும் இரண்டு நிமிடத்துக்குள் தாண்டிவிடும். காலை, மதியம், இரவு என எல்லா வேளையையும் பார்த்து முடிக்க நாலு மாதத்துக்கு மேல் ஆகும்.

உண்மையில் இந்த வேலைக்கென்றே செய்தது நாசாவின் ஐகான் செயற்கைக்கோள். கீழே 100 கி.மீ. பக்கத்துக் காற்றையும், தன் உயரத்தில் பிளாஸ்மா ஏறி இறங்குவதையும் சேர்த்தே அளந்தது. 2019 அக்டோபரில் போனது, 2022 நவம்பரில் தொடர்பு அறுந்தது. இன்னும் கொஞ்ச காலம் இருந்திருக்கலாம்.

சரி, மிச்சம் காஸ்மிக்-2. தைவானும் அமெரிக்காவும் 2019இல் அனுப்பிய ஆறு செயற்கைக்கோள்கள், பூமத்திய ரேகைக்கு 24 டிகிரி சாய்ந்த பாதை. அதனால் நம் வட்டாரத்தை அடிக்கடி சுற்றும். பூமியின் விளிம்பில் மறையும் ஜிபிஎஸ் சிக்னலின் தாமதத்தை வைத்து, எந்த உயரத்தில் எவ்வளவு எலக்ட்ரான் என்று மேலிருந்து கீழ்வரை கணக்கிடும். என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் ஒரு சிக்கல்: கிடைமட்டத்தில் எல்லாம் ஒரே சீர் என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். நம் பகுதியில் அது சீராக இருப்பதில்லை, கீழடுக்குக் கணக்கு பிசகும்.

அந்த ஓட்டையைத் தரையிலிருக்கும் காந்தமானி ஓரளவு அடைக்கிறது. திருநெல்வேலி அளவிலிருந்து, மின்னோட்டத்துக்கு வெளியே உள்ள மகாராஷ்டிரத்து அலிபாக் அளவைக் கழித்தால் மின்னோட்டத்தின் பலம் கிடைக்கும். அதை காஸ்மிக்-2 பார்த்த மேலடுக்கோடு ஒப்பிடலாம். ஆனால் பொழுது சாய்ந்தால் இந்தக் கழித்தல் செல்லாது. ஜிபிஎஸ்ஸைத் தடுமாற வைக்கும் பிளாஸ்மா குமிழிகள் (எலக்ட்ரான் குறைந்த திட்டுகள்) கிளம்புவதோ அதற்கு அப்புறம்தான்; அவற்றின் ஓரத்தைத் துல்லியமாகக் காட்ட, அந்த வேளையில் ஸ்வார்ம் குறுக்கே போனால் உண்டு.