சுகர் பார்டரில் வந்தாச்சு: நடையா, ஜிம்மா, தட்டா?

மாஸ்டர் செக்கப்பில் ஹெச்பிஏ1சி (ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளந்து, இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் டெஸ்ட்) 6.1 சதவீதம். அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை; 5.7 முதல் 6.4 வரை அந்தக் கணக்கில்தான் வரும். இடுப்புச் சுற்றளவும் 90 செ.மீ.யைத் தாண்டியாச்சு. "மாத்திரை வேண்டாம், மூணு மாசம் பார்ப்போம்" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். நாற்பத்தைந்தைத் தாண்டிய ஆண்கள் பலருக்கு முதல் எச்சரிக்கை இப்படித்தான் வருகிறது. வீட்டில் நடக்கச் சொல்கிறார்கள், ஆபீஸில் ஜிம்முக்கு இழுக்கிறார்கள், வாட்ஸ்அப்பில் சிறுதானியம் ஓடுகிறது. எதைப் பிடிப்பது?

நடைக்குச் செலவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிடம்; அரை மணி வீதம் ஐந்து நாள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். பார்க்கில் நான் பார்ப்பதோ பொதுக்கூட்ட வேகம். முடித்ததும் வாசல் டீக்கடையில் இரண்டு மெதுவடை, பேப்பரில் எண்ணெயை ஒற்றிவிட்டதில் ஒரு திருப்தி வேறு! என்னைக் கேட்டால், சாப்பிட்டு முடித்ததும் கால் மணி நேரம் நடப்பது மேல். ரத்தத்தில் சர்க்கரை ஏறும் நேரத்திலேயே தசை அதை இழுத்துக்கொள்ளும்.

ஜிம்முக்குப் போக நம்மவர்களுக்குக் கூச்சம். ஆனால் வயது ஏற ஏறத் தசை கரைகிறது. சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்வதே தசைதான். வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் வேண்டும் என்று அதே நிறுவனம் சொல்வதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. வருடச் சந்தா கட்ட வேண்டியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுப்பது என்று வீட்டிலேயே தொடங்கலாம். பிரஷர் இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் வெயிட் தூக்க வேண்டாம்.

பெரிய ஏமாற்று நடப்பது தட்டில். தீட்டிய தினையும் மாவாக்கிக் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சியும் சர்க்கரையை வேகமாகவே ஏற்றும். நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான். நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் நாளுக்கு எட்டு ஸ்பூன்; முதலில் கை வைக்க வேண்டிய இடம் அது. அடுத்தது ராத்திரி பத்து மணிச் சாப்பாடு. அதை எட்டுக்குக் கொண்டுவந்து, சோற்றைப் பாதியாக்கி, பொரியலை இரட்டிப்பாக்கி, கூட ஒரு முட்டையோ சுண்டலோ வைத்துக்கொண்டால் வயிறு காயாது.

சென்னை டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் சேர்த்து மாற்றியவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரைக்கு 26.4. இரண்டையும் சேர்த்தும் 28.2-தான்.

என் வரிசை: முதலில் தட்டு, கூடவே ராத்திரி நடை, இரண்டும் பழகியபின் ஜிம். நடுவில் அவசரப்பட்டு டெஸ்ட் எடுக்காதீர்கள். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் ஹெச்பிஏ1சி மாற்றத்தை முழுசாகக் காட்ட சுமார் மூன்று மாதம் வேண்டும். அதையும் அதே லேபில் எடுங்கள்.