அன்னபூர்ணா பேஸ் கேம்ப் போகிறவர்கள் கவனத்துக்கு: எங்கள் 27,600 ரூபாய் போன விதம்

நேபாளத்திலிருந்து கோவை திரும்பி நான்கு நாள்தான் ஆகிறது. பையைக்கூட இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை. ஆறப்போட்டால் எழுத மாட்டேன் என்று தெரியும், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். இமயமலையில் அன்னபூர்ணா சிகரத்தின் அடியில் உள்ள பேஸ் கேம்புக்கு நடந்து போகிற வழியில் மூன்று இரவு தங்குவதற்காக 27,600 ரூபாய் முன்பணம் கட்டினோம். மூன்று இடத்திலும் எங்கள் பெயரில் ஒரு கட்டில்கூட இல்லை.

போனது நான்கு பேர். நான், என் கணவர், தம்பி, அம்மா. அம்மாவுக்கு 58 வயது. வெள்ளியங்கிரி ஏழு மலையும் மூங்கில் தடியோடு ஏறி இறங்கியவர், அதனால் நடை பற்றி எனக்குக் கவலை இல்லை. தங்குமிடம்தான் கவலை. ஆயுத பூஜை விடுமுறையை ஒட்டித்தான் எங்களுக்கு லீவு கிடைத்தது. அதே நாட்களில்தான் நேபாளத்தில் தசைன் பண்டிகை. அங்கே உள்ளவர்களே குடும்பத்தோடு மலைக்குக் கிளம்பிவிடுவார்கள், மேலே அறை கிடைக்காது என்று படித்திருந்தேன். அது உண்மையும்கூட. அந்தப் பயத்தில்தான் மாட்டினேன்.

மலை நடைப் பயணிகளுக்குத் தங்குமிடம் பிடித்துத் தருவதாகச் சொல்லும் ஒரு இணையதளம். பெயர் சொல்லவில்லை, புகார் போயிருக்கிறது. வழியில் உள்ள டோவான், டெவ்ராலி என்ற இரண்டு ஊர், பிறகு 4,130 மீட்டரில் பேஸ் கேம்ப், ஆக மூன்று இரவு. ஆளுக்கு ஓர் இரவுக்கு 2,300 ரூபாய், சாப்பாடும் சேர்த்து. அடிமாட்டு விலையும் இல்லை, கொள்ளை விலையும் இல்லை. சந்தேகம் வரவே வழியில்லாத ஒரு விலை.

ஆனால் நான் நம்பியது விலையைப் பார்த்து அல்ல. அதில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் தமிழில் பேசினார். "அக்கா, நமக்குத் தேனிப் பக்கம்தான்" என்றார். யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டார். அம்மாவும் வருகிறார் என்றதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மாவுக்குக் கீழ் வரிசையில ரூம் போடச் சொல்றேன்க்கா. கக்கூஸ் வெளியதான் இருக்கும், ராத்திரி ஐஸ்ல நடக்கக் கூடாது, வழுக்கிரும்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. அம்மாவின் முழங்காலை நினைத்துப் பார்க்கிற ஒருவர் ஏமாற்றுவாரா? போனை வைத்த ஐந்தாவது நிமிடம் யூபிஐயில் பணம் அனுப்பினேன். திரையில் நிறுவனத்தின் பெயர் வரவில்லை, ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. "இது யாரு?" என்று கணவர் கேட்டார். "கணக்குப் பார்க்கிறவரா இருக்கும்" என்று நானே பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். 27,600 ரூபாய். மறுநாள் வவுச்சர் வந்தது, முத்திரையெல்லாம் போட்டு.

அங்கே லாட்ஜ் என்பது நம் ஊர் லாட்ஜ் மாதிரி இல்லை. பலகைச் சுவர், இரண்டு மூன்று கட்டில், கனமான போர்வை, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சாப்பாட்டுக் கூடம், அவ்வளவுதான். ரோடு கிடையாது. ஒரு பையன் முதுகில் இரண்டு காஸ் சிலிண்டரைக் கட்டி, நெற்றியில் பட்டை போட்டு இழுத்துக்கொண்டு ஏறுவதைப் பார்த்தோம். மேலே போகப் போகப் பருப்புச் சோறு விலை கூடுவது அதனால்தான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. லாட்ஜ்காரர்கள் மேலும் எனக்குக் கோபம் இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

வெளிநாட்டவர் வழிகாட்டியோடுதான் போக வேண்டும் என்று 2023 ஏப்ரலில் அங்கே விதி கொண்டுவந்தார்கள். நாங்களும் கீழே போகரா நகரத்தில் உரிமம் உள்ள ஒரு பையனை அமர்த்திக்கொண்டோம். முதல் கேள்வியே அவன் கேட்டது ரூமைப் பற்றித்தான். "எல்லாம் புக் ஆகிவிட்டது" என்று வவுச்சரைக் காட்டினேன். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டான்.

டோவானில் லாட்ஜ் அக்கா, அவர்கள் தீதி என்கிறார்கள், கணக்கு நோட்டை எடுத்து விரலால் ஒவ்வொரு வரியாகத் தேடினார். இல்லை. நல்லவேளை அன்று இரண்டு அறை காலியாக இருந்தது. வைஃபைக்குக் காசு கட்டி அந்தத் தேனிக்காரரை அழைத்தேன். "சின்னக் குழப்பம்க்கா, நீங்க இப்ப கட்டிருங்க. பில்லை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்க, நாளைக்கே திருப்பிப் போட்டுர்றோம்" என்றார். கட்டினேன், அனுப்பினேன். இந்த பில் பின்னால் என்ன ஆனது என்று சொல்கிறேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டெவ்ராலியில் ஒரே ஒரு அறைதான் கிடைத்தது. நானும் அம்மாவும் அதில், ஆண்கள் சாப்பாட்டுக் கூடத்தில். அங்கேதான் வழிகாட்டித் தம்பி வாயைத் திறந்தான். கணவருக்கு இந்தி தெரியும், கேட்டுச் சொன்னார். அந்த மலையில் தெரியாத இணையதளத்துக்காக யாரும் அறையை நிறுத்தி வைக்க மாட்டார்களாம். வழிகாட்டிகள் நேராக லாட்ஜுக்குப் போன் போடுவார்கள், கீழ் லாட்ஜ்காரர் மேல் லாட்ஜ்காரருக்குச் சொல்லி வைப்பார், நோட்டில் பெயர் ஏறும். "போகராவிலேயே நான் போன் பண்ணியிருந்தால் மேலே ஒரு ரூமாவது பிடித்திருப்பேன். நீங்கள் புக்கிங் இருக்கிறது என்றீர்கள்" என்றான். வயிற்றெரிச்சல் இங்கேதான். 27,600 ரூபாய் போனது ஒரு பக்கம். அந்தப் பொய் வவுச்சரை நம்பியதால் நிஜமாகக் கிடைத்திருக்கக்கூடிய அறையும் போனது.

பேஸ் கேம்பில் ஒன்றுமே இல்லை. எல்லா லாட்ஜும் நிறைந்துவிட்டன. வழிகாட்டி கெஞ்சிக் கேட்டு, சாப்பாட்டுக் கூடத்தில் சுவரோரப் பெஞ்ச் மட்டும் கிடைத்தது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்தால்தான் படுக்க முடியும். அம்மா ஒன்பதரை மணி வரை உட்கார்ந்தபடியே இருந்தார். விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. தலைவலி வேறு. அந்த உயரத்தில் தலைவலியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது, நான் நிமிடத்துக்கு ஒரு தடவை அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தீதி தானாகவே பூண்டு சூப் ஒரு கிண்ணம் கொண்டுவந்து, "ஆமா, காவ்" என்று கையில் வைத்து அழுத்தினார். நேபாளியில் ஆமா என்றால் அம்மா, காவ் என்றால் சாப்பிடு. அம்மாவுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. காலை நாலரைக்குச் சூரிய உதயம் பார்க்கிற கூட்டம் விளக்கைப் போட்டது, தூக்கம் அத்தோடு முடிந்தது. வெளியே அன்னபூர்ணா சிகரம் பொன்னாக நின்றது. நான் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. போனில் மெசேஜ் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு காலை எனக்குத் திரும்பக் கிடைக்காது. இதை அவர்களிடம் எப்படிக் கணக்குக் காட்டுவது?

கீழே இறங்கியதும் அலைக்கழிப்பு ஆரம்பம். முதலில் தேனிக்காரர், "லாட்ஜ்காரங்கதான்க்கா ஏமாத்தறாங்க" என்றார். பிறகு காத்மாண்டுவில் உள்ள கூட்டாளியிடம் பேசுங்கள் என்று ஒரு எண், அது மணியே அடிக்கவில்லை. பிறகு ஒரு பெண் பேசினார், 7 முதல் 10 வேலை நாள் ஆகும் என்றார். போகராவிலிருந்து எல்லைக்கு வருகிற பஸ்ஸில் மின்னஞ்சல் வந்தது. நீங்கள் அனுப்பிய பில்களின்படி குறிப்பிட்ட மூன்று ஊர்களிலும் தங்கியிருக்கிறீர்கள், எனவே சேவை வழங்கப்பட்டுவிட்டது, பணம் திருப்பித் தர இயலாது. நான் என் கைக்காசு கட்டி வாங்கிய பில்! அவர் கேட்டதால் அனுப்பிய பில்! நல்லெண்ண அடிப்படையில் அடுத்த பயணத்துக்கு 2,000 ரூபாய் தள்ளுபடியாம். 27,600-க்கு 2,000, அதுவும் அவர்களிடமே மறுபடி புக் செய்தால்.

தேனிக்காரருக்கு நேற்றும் வாட்ஸாப்பில் எழுதினேன். ஒற்றை டிக். தம்பி எண்ணிலிருந்து அழைத்தால் எடுக்கிறார், என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறார்.

எப்படிப் போக வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். மேலே உள்ள லாட்ஜுக்கு ஊரிலிருந்து முழுப் பணம் கட்டாதீர்கள். போகராவில் வழிகாட்டியை அமர்த்தி, அவரை உங்கள் கண் முன்னால் லாட்ஜுக்குப் போன் போடச் சொல்லுங்கள். முடிந்தால் தசைன் வாரத்தைத் தவிருங்கள். நேபாளப் பணத்தைப் போகராவிலேயே தேவைக்கு மேல் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், நம் 100 ரூபாய்க்கு அங்கே 160. எங்களிடம் கொஞ்சம் கூடுதலாக இருந்ததால்தான் மூன்று இரவும் இரண்டாம் முறை கட்ட முடிந்தது. யூபிஐயில் தனி ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தமிழில் பேசுகிறார் என்பதற்காக நம்பாதீர்கள், இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. ஏமாந்தது தெரிந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். நான் ஊருக்கு வந்துதான் அழைத்தேன், பணம் அனுப்பி இரண்டு மாதம் ஆகிவிட்டதால் அது கணக்கில் இருக்க வாய்ப்பு குறைவு என்றார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிந்திருக்கிறேன்.

இதே மாதிரி வவுச்சர் வாங்கி ஏமாந்தவர்கள், அல்லது வரப்போகும் மாதங்களுக்குப் பணம் கட்டிவிட்டு இன்னும் கிளம்பாதவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். டோவான், டெவ்ராலி, பேஸ் கேம்ப், இந்த மூன்று பெயரும் ஒரே வவுச்சரில் இருந்தால் உடனே எழுதுங்கள். புகார் எண் தருகிறேன், சேர்ந்தே கொடுக்கலாம்.