ட்ரெய்னிங் வீடியோ எடுத்துத் தருகிறோம் என்று ஃபேக்டரிக்கு வருகிறவர்களிடம் உஷார்: எங்களுக்கு 1,35,000 ரூபாய் போச்சு

கோத்தகிரி, குன்னூர், குந்தா பக்கம் டீ இலை ஃபேக்டரி நடத்துகிறவர்கள் இதைத் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருக்கும். தொழிலாளர்களுக்கு வேலை முறையை வீடியோவாக எடுத்துத் தருவதாகச் சொல்லி ஒரு கம்பெனி எங்களிடம் 1,35,000 ரூபாய் வாங்கிக்கொண்டது. இன்றைக்கு எங்கள் கையில் உருப்படியாக ஒரு வீடியோகூட இல்லை. பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். கீழே சமவெளியில் ஆபீஸ், கேமரா டீம், சொந்தமாக ஒரு ஆப், அதற்கு வருடச் சந்தா. இந்த ரகத்தில் யார் மலையேறி வந்தாலும் ஜாக்கிரதை.

டீ ஃபேக்டரிக்கு வீடியோ எதற்கு என்று கேட்பவர்கள் சீசனில் ஒரு நாள் எங்கள் ரோலிங் ரூமில் வந்து நிற்க வேண்டும். ஜார்க்கண்ட், ஒடிசா பையன்கள் வருகிறார்கள், பண்டிகைக்கு ஊருக்குப் போகிறார்கள், திரும்பி வருவது வேறு பையன்கள். ஒவ்வொரு தடவையும் டீமேக்கர், அதாவது தூள் தயாரிப்பைக் கவனிக்கிறவர், முதலிலிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். அங்கே இருக்கிற சத்தத்தில் காதுக்குள் கத்தினாலும் பாதிதான் கேட்கும். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டுகிற சிடிசி மிஷினில், ரோலர் இரண்டில் ஒன்று நிமிடத்துக்கு 70 சுற்று ஓடினால் எதிரே இருப்பது 700 சுற்று. நடுவில் இலை சிக்கினால் புதுப் பையனின் கை தானாக அங்கேதான் போகும். மிஷினை நிறுத்தி, மெயினை ஆஃப் செய்து, பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்த பிறகுதான் தொட வேண்டும். இதைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினோம், யாரும் படிப்பதில்லை. சான்றிதழ் தணிக்கைக்கு வருகிறவர்களும் யாருக்கு என்ன பயிற்சி கொடுத்தீர்கள், பதிவு எங்கே என்று கேட்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் அந்தக் கம்பெனிப் பையன். வந்தவன் நேராக ஆபீஸில் உட்கார்ந்து பேசியிருந்தால் அனுப்பியிருப்பேன். தூள் சலிக்கும் ரூம் வாசலில் யாரும் சொல்லாமலே ஷூவைக் கழற்றினான், தலைக்குத் தொப்பி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான். இலையைப் பரப்பி வாட்டும் நீளத் தொட்டியில், டிரஃபில், கைவிட்டு இலையைப் பிடித்துப் பார்த்து, எத்தனை மணி நேரம் வாட்டுவீர்கள் என்று டீமேக்கரிடம் கேட்டான். ஒரு பின்னலாடைக் கம்பெனிக்குச் செய்த வீடியோவை போனில் காட்டினான். தையல் மிஷினில் ஊசி மாற்றுவது, இரண்டே நிமிடம், எழுத்தே இல்லை, பார்த்தாலே புரிந்தது. “உங்க மிஷின், உங்க ஆளு, உங்க டீமேக்கர் குரல். தமிழ்ல ஒண்ணு, இந்தில ஒண்ணு. ஒவ்வொரு மிஷின்லயும் கியூஆர் ஒட்டிடுவோம்க்கா, ஸ்கேன் பண்ணா அந்த மிஷின் வீடியோ வரும். நெட் இல்லாட்டியும் ஓடும்” என்றான். நெட் இல்லாவிட்டாலும் என்ற சொல்லில்தான் விழுந்தேன். மிஸ்ட் இறங்கினால் எங்கள் ஃபேக்டரியில் போன் அடிப்பதே பெரிய விஷயம்.

அட்வான்ஸ் 60,000. ஒரு நாள் வந்து எடுத்தார்கள். எடுத்தது நன்றாகத்தான் எடுத்தார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். சலிக்கும் இடத்தில் வேலை செய்கிற ஒரு அக்கா, தூளில் கலந்த இரும்பைப் பிடிக்கிற காந்தத்தைத் துணியால் துடைத்து, அதில் ஒட்டியிருந்த இரும்புத்தூளைக் கேமரா பக்கம் நீட்டிக் காட்டினார். ஒரு கிலோ தூளில் இரும்புத்தூள் 150 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ. இதை எந்தப் பையனுக்கும் அந்த அக்காவைவிட நன்றாக யாராலும் விளக்க முடியாது. அவர்கள் ஆபீஸுக்குத் திரும்பியதும், ஆப் திறக்க மீதி 75,000 போட்டால்தான் ஆகும் என்றார்கள். போட்டோம். மொத்தம் 1,35,000.

வந்ததைப் பாருங்கள். ரோலிங் வீடியோவில் ஆர்த்தடாக்ஸ் என்கிற வேறு ரக டீக்கான வட்டமான ரோலிங் டேபிள் சுற்றுகிறது. எந்த ஊர் ஃபேக்டரியோ, நாங்கள் ஓட்டுவது சிடிசி! டிரையர் வீடியோவில் ‘220 டிகிரி செல்சியஸ்’ என்று கொட்டை எழுத்து. எங்கள் பழைய டிரையர் மீட்டர் ஃபாரன்ஹீட்டில் இருப்பது, 220 ஃபாரன்ஹீட் என்றால் கிட்டத்தட்ட 104 செல்சியஸ்தான். 220 செல்சியஸில் ஓட்டினால் தூள் கருகும், தீயும் பிடிக்கும். டீமேக்கர் குரலையே காணோம், இரண்டு மொழியிலும் கம்ப்யூட்டர் குரல். இந்தியில் காந்தத்தைக் காட்டும்போது குரல் இன்னும் ரோலரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், ஒரு வீடியோவில் யாரோ ஒருவர் ஓடுகிற மிஷினைத் துணியால் துடைக்கிறார். எதைச் செய்யாதே என்று சொல்லப் பணம் கொடுத்தோமோ அதையே செய்து காட்டியிருக்கிறார்கள். நெட் இல்லாமல் ஒன்றும் ஓடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன் செய்தால், “டெக்னிக்கல் டீம் பாத்துட்டு இருக்காங்க.” அடுத்து, “டிக்கெட் போட்டிருக்கோம், வெயிட் பண்ணுங்க.” அப்புறம், “சார் வெளியூர்ல இருக்கார்.” பணம் போகும்வரை அக்காவாக இருந்தவள் மேடம் ஆனேன். கடைசியில், “அக்ரிமென்ட்படி இரண்டு திருத்தம்தான் மேடம், முடிஞ்சிருச்சு” என்றான். அவர்களாகவே லோகோவின் நிறத்தை மாற்றியதை ஒரு திருத்தமாகவும், எங்கள் ஃபேக்டரி பெயரில் விட்ட எழுத்தைச் சேர்த்ததை இன்னொன்றாகவும் கணக்கு வைத்திருக்கிறார்கள்! சரி, எங்கள் ஃபேக்டரியில் எடுத்த ஒரிஜினல் வீடியோவையாவது கொடுங்கள், நாங்களே வெட்டி ஒட்டிக்கொள்கிறோம் என்றால், அது கம்பெனி சொத்தாம். இப்போது கியூஆரை ஸ்கேன் செய்தால் சந்தாவைப் புதுப்பிக்கவும் என்று வருகிறது. காந்தத்தைத் துடைத்துக் காட்டிய அந்த அக்கா, தான் வருகிற வீடியோவை தானே பார்க்க முடியவில்லை.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அடித்தேன். பில் இருக்கிறது, வேலையும் கொஞ்சம் நடந்திருக்கிறது, ஸ்டேஷனில் கேளுங்கள் என்றார்கள். ஸ்டேஷனில் சிவில் மேட்டர் என்றார்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றால், வியாபாரத்துக்காக வாங்கிய சேவை அங்கே நிற்காது என்கிறார் வக்கீல். நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம், பதில் இல்லை. 1,35,000 ரூபாய். கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கொடுங்கள் என்று கேட்கிற விவசாயிக்கு முடியாது என்று சொல்லிவிட்டு, 1,35,000 கிலோ இலைக்குக் கொடுத்திருக்கலாமே என்று வீட்டில் கேட்கிறார்கள்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இலை வண்டி வந்துவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். எடுத்த அன்றைக்கே ஒரிஜினல் ஃபைல் முழுவதையும் உங்கள் ஹார்ட் டிஸ்கில் போட்டு வாங்குங்கள், அது யாருக்குச் சொந்தம் என்பதை அக்ரிமென்டில் எழுதுங்கள். டீமேக்கர் மிஷின் பக்கத்தில் நின்று பார்த்து ஒத்துக்கொள்ளும்வரை மீதிப் பணம் கொடுக்காதீர்கள். இந்தியை இந்திப் பையனிடமே போட்டுக் காட்டுங்கள். ஆப், சந்தா என்றால் வேண்டவே வேண்டாம், பென்டிரைவ் போதும். கம்பெனி பெயர் வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.