பெருத்துப்போன ரெப்போவுக்கு எது: கிட் எல்எஃப்எஸ்ஸா, வெளி ஸ்டோரேஜா?

எங்கள் ரெப்போ, அதாவது கிட் என்ற மென்பொருள் எங்கள் கோப்புகளையும் அவற்றின் பழைய பதிப்புகளையும் சேர்த்துவைக்கும் இடம், 4 ஜிபியைத் தாண்டியபோது அதில் புரோகிராம் கோடு என்று பார்த்தால் 60 எம்பிகூட இல்லை. மீதியெல்லாம் டிசைன் கோப்புகள், டெமோ வீடியோக்கள், பழைய ஜிப்கள். அவற்றை நீக்கி கமிட் செய்தாலும் (மாற்றத்தைப் பதிந்தாலும்) எடை குறையாது, பழைய பிரதிகள் ஹிஸ்டரியிலேயே கிடக்கும். ரெப்போவை இணையத்தில் வைத்துக்கொள்ளும் தளமான கிட்ஹப், 100 எம்பியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பையும் புஷ் செய்ய (ஏற்ற) விடாது.

இரண்டு வழிகள் இருந்தன. பெரிய கோப்புகளுக்கான துணைக் கருவியான கிட் எல்எஃப்எஸ்ஸில் பெரிய கோப்பு தனி ஸ்டோரேஜுக்குப் போய்விடும். ரெப்போவில் அதன் ஹேஷும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளக் குறி) அளவும் எழுதிய குட்டிக் கோப்பு மட்டும் இருக்கும். இன்னொன்று, பெரியவற்றை நாமே கிளவுடில் ஒரு பக்கெட்டில் (கோப்புகளைப் போட்டுவைக்கும் இடத்தில்) ஏற்றிவிட்டு, ஹேஷ் பட்டியலை மட்டும் கமிட் செய்வது. நாங்கள் எடுத்தது இரண்டாவதை.

எல்எஃப்எஸ் போட்டால் ஹிஸ்டரியைத் தொட வேண்டாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது இனி வரும் கோப்புகளுக்கு மட்டுமே. பழைய எடை இறங்க வேண்டுமென்றால் அதிலும் மைக்ரேட் என்ற கட்டளையை ஓட்டி ஹிஸ்டரியை மாற்றி எழுதத்தான் வேண்டும். கமிட் ஐடிகள் மாறும், எல்லோரும் புதிதாக குளோன் (ரெப்போவின் முழுப் பிரதி) எடுக்க வேண்டும். யாராவது பழைய கிளையை (தனியாகப் பிரித்து வைத்த வேலையை) மெர்ஜ் செய்து புஷ் செய்தால் குப்பை முழுக்கத் திரும்பி வந்துவிடும். பக்கெட் வழிக்குப் போகுமுன் ஹிஸ்டரியிலிருந்து கோப்புகளை நீக்க உதவும் ஃபில்டர்-ரெப்போ கருவியிலும் இதே பாடுதான்.

ஆக, அதற்குப் பிறகான பராமரிப்புதான் முடிவு செய்தது. எல்எஃப்எஸ்ஸில் கோப்பு மாறும் ஒவ்வொரு முறையும் முழுப் பிரதி சேரும். 200 எம்பி கோப்பைப் பத்து முறை திருத்தினால் 2 ஜிபி. கிட்ஹப்பில் அந்தப் பழைய பிரதிகளை நாமாக அழிக்க ரெப்போவையே நீக்கி மறுபடி உருவாக்க வேண்டும். பக்கெட்டில் வேண்டாததை அன்றைக்கே அழித்துவிடலாம். எங்கள் டிசைன் கோப்புகள் வாராவாரம் மாறுபவை என்பதால் இதற்கு மேல் யோசிக்கவில்லை.

சிரமமும் உண்டு. எல்எஃப்எஸ்ஸில் புஷ் செய்தால் கோப்பும் தானாகப் போய்விடும். எங்கள் முறையில் ஏற்ற மறந்தால் அடுத்தவரின் பில்டு (கோடிலிருந்து புரோகிராமை உருவாக்கும் வேலை) உடையும். இரண்டு முறை உடைந்தது. அப்புறம் புஷ்ஷுக்கு முன் தானாக ஓடிச் சரிபார்க்கும் ஹூக் (சிறு ஸ்கிரிப்ட்) ஒன்றை எழுதினோம்.

நாங்கள் ஆறு பேர்தான். பலர் ஒரே கோப்பில் கைவைக்கும் இடத்தில் எல்எஃப்எஸ்ஸின் லாக் வசதி (ஒருவர் திருத்தும்போது மற்றவர் மாற்றாதபடி கோப்பைப் பூட்டுவது) பெரிதாக உதவக்கூடும். அதை நான் சோதித்துப் பார்த்ததில்லை.