பழைய ஷூவில் லைனிங்கா, புது ஷூவா, முழு செட்டா? பின்சக்கர டிரம் பிரேக் அலசல்

பின்சக்கர டிரம் பிரேக்கை யாரும் அடிக்கடி திறந்து பார்ப்பதில்லை. பிரேக் வேலையில் பெரும்பங்கை முன்சக்கரம் சுமப்பதால் பின்னால் இருக்கும் ஷூ (டிரம்முக்குள் விரிந்து உரசி நிறுத்துகிற வளைந்த இரும்புத் துண்டு) வருஷக்கணக்கில் தேயாமல் கிடக்கும், கடைசியில் சக்கரத்தோடு சுழலும் டிரம்மைக் கழற்றினால், ஷூவின் மேல் உரசுகிற பட்டையான லைனிங் மட்டுமில்லை, உள்ளே இருக்கிற எல்லாமே கிழமாகியிருக்கும். அப்போதுதான் கேள்வி வருகிறது: பழைய ஷூவிலேயே புது லைனிங் போட்டு வாங்கலாமா, புது ஷூ மட்டும் வாங்கிப் போடலாமா, இல்லை ஷூ, அதைப் பின்னுக்கு இழுக்கும் ஸ்பிரிங், தேயத் தேய ஷூவை டிரம்முக்கு அருகே வைக்கும் அட்ஜஸ்டர், பெடலை மிதித்தால் ஆயில் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் எல்லாம் கோத்தே வரும் முழு செட்டா? மூன்றையும் வெவ்வேறு சமயத்தில் செய்து பார்த்திருக்கிறேன்.

லைனிங் மாற்றுவதை இளக்காரமாகப் பேசுபவர்கள் உண்டு. ஷூ சந்தையிலேயே கிடைக்காத பழைய வண்டிக்கு வேறு வழி இல்லை என்பது ஒரு பக்கம். லேத்தில் கடைந்து உள்விட்டம் கூடிப்போன டிரம் என்றால், நல்ல பட்டறையில் லைனிங்கை அந்த வளைவுக்கே தேய்த்துத் தருவார்கள். கடையில் வாங்கின புது ஷூவை அதே டிரம்மில் போட்டால் முதலில் நடுப்பகுதி மட்டும்தான் உரசும், முழுசாகப் படியும்வரை பிரேக் மந்தமாகவே இருக்கும். ஆனால் பழைய ஷூவின் இரும்பில் துரு ஏறியிருந்தால் அதன்மேல் ஒட்டுகிற எதுவும் நிற்காது. துரு உள்ளேயே வளர்ந்து லைனிங்கை நெம்பி எடுத்துவிடும், பிரிந்த துண்டு இடையில் சிக்கினால் ஓடுகிற வண்டியில் சக்கரமே பூட்டிக்கொள்ளலாம்.

ஒட்டாமல் ரிவெட் (தட்டி இறுக்கும் ஆணி) அடித்த லைனிங் அப்படிச் சட்டென்று பிரியாது, சரி. ஆனால் ரிவெட்டின் தலை டிரம்மைத் தொடும் முன்பே ஷூவைக் கழற்றியாக வேண்டும், அசந்தால் டிரம்மில் கோடு கோடாக உழுதுவிடும். பொதுவாக ஒட்டின லைனிங் என்றால் இரும்புக்கு மேல் சுமார் 1.6 மில்லிமீட்டர், ரிவெட் என்றால் தலைக்கு மேல் சுமார் 0.8 மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போதே மாற்றச் சொல்வார்கள். வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு.

புது ஷூ மட்டும் என்பதுதான் பெரும்பாலோர் போகிற வழி. அதில் எல்லோரும் சறுக்கும் இடம் ஸ்பிரிங். சூட்டில் வெந்து வெந்து துவண்டுபோன பழைய ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டினால், பெடலை விட்ட பிறகும் ஷூ முழுசாகப் பின்வாங்காமல் டிரம்மோடு உரசிக்கொண்டே ஓடும், புது லைனிங்தான் பலி. சுருளுக்குச் சுருள் இடைவெளி தெரிந்தாலோ நிறம் நீலம் பாய்ந்திருந்தாலோ தூக்கிப் போடுங்கள். இன்னொன்று, பல வண்டிகளில் ஹேண்ட் பிரேக் லீவர் புது ஷூவோடு வராது. பழைய ஷூவிலிருந்து கழற்றி மாற்ற வேண்டும், அதைப் பிடித்திருக்கும் குதிரைலாட வடிவக் கிளிப் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதும் பறந்துவிடும். நான் ஒரு சாயங்காலம் முழுக்க அதைத் தரையில் தவழ்ந்து தேடினேன்.

முழு செட்டில் இந்த ஸ்பிரிங் மல்யுத்தமே இல்லை, எல்லாம் கோத்தே இருக்கும், இரண்டு பின்னைப் போட்டு நிறுத்தினால் முடிந்தது போலத் தெரியும். அந்தத் தொல்லை போய் பைப் நட்டுத் தொல்லை வரும். வீல் சிலிண்டரும் மாறுவதால் பிரேக் பைப்பைக் கழற்றியாக வேண்டும், துருப்பிடித்த நட்டைச் சாதா ஸ்பேனரால் திருகினால் முனை மழுங்கும், இல்லை பைப்பே முறுக்கிக்கொள்ளும். அப்புறம் பைப்பில் புகுந்த காற்றை வெளியே எடுக்கிற வேலை வேறு. சிலிண்டர் நன்றாக இருக்கிற வண்டிக்கு இது வேலியில் போகிற ஓணான் கதை. ஆனால் சிலிண்டரின் ரப்பர் உறையை லேசாக விலக்கிப் பார்த்து, உள்ளே பிரேக் ஆயில் சொட்டச்சொட்ட இருந்தால், யோசிக்கவே வேண்டாம், முழு செட்டுக்குப் போய்விடுங்கள். ஆயில் குடித்த லைனிங்கை எதைப் போட்டுக் கழுவினாலும் தேறாது, ஒரு பக்கம் மட்டும் நனைந்திருந்தாலும் இரண்டு பக்க ஷூவையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

என் தேர்வு, சிலிண்டர் காய்ந்து இருக்கிறவரை, புது ஷூவும் புது ஸ்பிரிங் செட்டும். அட்ஜஸ்டரை மட்டும் கழுவி, மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவித் திரும்பப் போடுவேன். அதில்தான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன்: இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பிரித்துப்போட்டு, இடது அட்ஜஸ்டரை வலதில் மாட்டிவிட்டேன். மரை எதிரெதிர்த் திசை என்பதால், தேயத் தேய நீள வேண்டியது குறுகிக்கொண்டே போனது, பெடல் வாரத்துக்கு வாரம் கீழே இறங்கியது. அதிலிருந்து ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான் மறுபக்கத்தைத் தொடுகிறேன்.

உள்ளே படிந்த தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். எந்த வழியில் போனாலும் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்திவிட்டு, டிரம் லேசாக உரசிச் சுழலும் அளவுக்கு ஷூவைச் சரிசெய்து, பெடலை நாலைந்து முறை மிதித்த பிறகுதான் கேபிளை இழுங்கள். முதலிலேயே கேபிளை இறுக்கினால் ஷூ தன் இடத்தில் போய் உட்காராது, பல வண்டிகளில் தானியங்கி அட்ஜஸ்டரும் வேலை செய்யாது.