மூக்குக்குக் கீழே: மதுரையில் 18 நாள்

சிங்கப்பூரில் தெருவில் மாஸ்க் இல்லாமல் நடக்கலாம் என்று அனுமதி வந்தது 2022 மார்ச் 29. அதிலிருந்து 12ஆம் நாள் நான் திருச்சியில் இறங்கினேன். நடுவில் இருந்த அந்த நாட்களில் ஒரு தடவைகூட வெளியில் அதைக் கழற்றவில்லை. பக்கத்தில் நடந்த பலரும் கழற்றவில்லை. இரண்டு வருடமாக மூடி வைத்திருந்த முகத்தைத் திறந்து காட்ட ஒருவிதக் கூச்சம்.

இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. 2020 ஏப்ரல் 14 முதல் அங்கே மாஸ்க் கட்டாயம், முதல் தடவை பிடிபட்டால் 300 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், அபராதம். அதற்கு இரண்டு மாதம் முன்னால் அதே அரசாங்கம் வீட்டுக்கு 4 மாஸ்க் கொடுத்து, உடம்பு நன்றாக இருப்பவர்களுக்கு இது தேவையில்லை என்று சொல்லியிருந்தது. அப்போது நான் போடவில்லை. 300 வெள்ளி என்றதும் போட்டேன். காலியான காப்பிக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு, இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறேன் என்கிற பாவனையில் ஒரு மணி நேரம் முகத்தைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். ஊரைப் பற்றி எழுதுமுன் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

விமான நிலைய வேலை சீக்கிரம் முடிந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அப்போது நிரப்ப வேண்டியிருந்த ஏர் சுவிதா சுகாதாரப் படிவத்தை அங்கிருந்தே நிரப்பியிருந்ததால் தாளை நீட்டினேன், ஒரு பார்வை, போங்க சார். வெளியே டாக்ஸிக்காரர் மாஸ்க்கைக் கண்ணாடியில் எலுமிச்சம்பழம் மிளகாயோடு சேர்த்துத் தொங்கவிட்டிருந்தார். கேட்டேன்.

“இப்ப ஃபைன் எல்லாம் புடிக்கிறதில்லண்ணே. போலீஸைக் கண்டா மாட்டிக்குவேன்.”

மதுரை செல்லூரில் அத்தை வீட்டு வாசலில் நிற்கும்போதும் என் என்95 முகத்தில்தான் இருந்தது. அத்தை ஒரு நிமிடம் பார்த்தார். “என்னடா, சூடடிக்கிற மாட்டுக்கு வாய்க்கூடு போட்ட மாதிரி வந்து நிக்கிற? எங்ககிட்ட ஒட்டிக்கிரும்னு பயமா?” விமானத்தில் பல பேரோடு வந்தேன், உங்களுக்கு வந்துவிடக் கூடாது என்றுதான் போட்டிருக்கிறேன் என்று விளக்கினேன். அது அவர் காதில் ஏறவில்லை. வந்தவன் முகத்தைக் காட்டவில்லை என்பது மட்டும்தான் ஏறியது. கழற்றினேன். அப்புறம்தான் காப்பி வந்தது.

நான் வந்த காரியம் மாமாவின் பணம். 2021 மே மாதம், இரண்டாம் அலையில் மாமா போய்விட்டார். அவர் பேரில் ஒரு வங்கியில் எஃப்.டி. இருந்தது, நாமினி போடவில்லை. வாரிசுச் சான்றை அத்தை மகள் அலைந்து வாங்கிவிட்டாள். அவளுக்கு அப்போது நிறைமாதம் என்பதால் வங்கி வேலை என் தலையில்.

முதல் நாளே வாசலில் நிறுத்திவிட்டார்கள். என்95 மேல் அத்தைக்கு இருந்த கோபத்தில் நானும் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன். வாட்ச்மேன் சுவரைக் காட்டினார். ‘முகக்கவசம் இன்றி உள்ளே அனுமதி இல்லை’. சொல்லும்போது அவருடையது தாடையில் இருந்தது. நான் முழிப்பதைப் பார்த்து இரக்கப்பட்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்த ஒன்றை எடுத்து நீட்டினார். “இதப் போட்டுட்டுப் போயிட்டு, வரும்போது குடுத்துருங்க சார்.” காலையிலிருந்து எத்தனை பேர் மூச்சு அதில் தங்கியிருந்ததோ. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு ஓடி 5 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். அந்தக் கடையில் ஆதார் நகல், ஒட்டுவில்லை, மாஸ்க் மூன்றும் ஒரே தட்டில் இருந்தன. மூன்றும் ஒரே வகைச் சரக்கு என்பது கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

உள்ளே போனால் மேனேஜர் முகத்தில் மாஸ்க் இல்லை, மேசைமேல் மடித்து வைத்திருந்தார். எதிரில் நின்ற நாங்கள் நாலு பேரும் போட்டிருந்தோம். ஒரு பெரியவர் ஏதோ கேட்கும்போது குரல் சரியாக எழும்பவில்லை என்று மாஸ்க்கை இறக்கினார். மேனேஜர் கையைக் காட்டி ஏற்றச் சொன்னார். எனக்குச் சட்டென்று தோன்றியது, அந்தக் காலத்தில் பெரிய வீட்டு வாசலில் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவார்களே, இது கிட்டத்தட்ட அதுதான். கிருமிக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு.

சரி, வேலை? அன்றைக்கு முடியவில்லை. ஒரு ஜாமீன் பத்திரம், இரண்டு சாட்சிகள், அத்தையும் நேரில் வரவேண்டும். வேறொரு நாள் வரச் சொன்னார்கள்.

இந்த எண்ணம் வந்தபின் ஊர் முழுக்க அதே கண்ணோடுதான் பார்த்தேன். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடைக்கு அத்தைக்குப் புடவை எடுக்கப் போனோம். மூன்று மாடி. விற்பனைப் பெண்கள் அத்தனை பேருக்கும் சீருடை நிறத்திலேயே மாஸ்க், மூக்குவரை சரியாக. வாங்க வந்த கூட்டத்தில் மருந்துக்கு ஒன்றுகூட இல்லை. எங்களுக்குப் புடவை விரித்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். மூச்சு வாங்குகிறதே, கொஞ்சம் இறக்கிக்கொள் அம்மா என்றார் அத்தை. அவள் கண்ணை மட்டும் மேலே உயர்த்திக் கேமராவைக் காட்டினாள். காலை 10 மணிக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரிதான் இறங்கும் என்றாள். சித்திரை வெயில், மாடியில் ஏசி பேருக்குத்தான். சிங்கப்பூரிலும் இது இருந்தது. கட்டட வேலைத் தொழிலாளியும் கடைக்காரப் பெண்ணும் போட்ட நேரத்தில் பாதிகூட நான் போட்டிருக்க மாட்டேன், வீட்டிலிருந்தே வேலை பார்த்தவன்.

நல்லதையும் சொல்ல வேண்டும். அத்தைக்கு முட்டி எக்ஸ்ரே எடுக்கப் போன ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுப்பவரிலிருந்து டாக்டர் வரை எல்லோரும் ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். போடாமல் வந்தவர்களுக்கு அதட்டல் இல்லாமல் புதிதாக ஒன்று கொடுத்தார்கள், பில்லில் சேர்க்கவும் இல்லை. அத்தை அங்கே மறுபேச்சு இல்லாமல் மாட்டிக்கொண்டார். “கேட்டுக் குடுத்தா யாரு வேணாங்குறா” என்றார் வெளியே வந்து.

டவுன் பஸ் இன்னொரு வேடிக்கை. கோரிப்பாளையத்தில் ஏறினால் கண்டக்டர் மாஸ்க் போட்டிருக்கிறார். விசில் அடிக்க இறக்குகிறார், ஏற்றுகிறார். டிக்கெட் கிழிக்க விரலில் எச்சில் தொட மறுபடி இறக்குகிறார், ஏற்றுகிறார். இரண்டு நிறுத்தத்துக்குள் எட்டு தடவை எண்ணினேன். அந்த எச்சில் டிக்கெட் என் கையில்தான் வந்து சேர்ந்தது. 

அப்புறம் திருவிழா. 2020லும் 2021லும் பக்தர்கள் இல்லாமல் கோயிலுக்குள்ளேயே முடித்துவிட்ட சித்திரைத் திருவிழா, இந்தத் தடவை ஊருக்குத் திரும்பி வந்திருந்தது. ஏப்ரல் 14 மீனாட்சி கல்யாணம், 15 தேர், 16 விடியலில் அழகர் ஆற்றில் இறங்குகிறார். தல்லாகுளத்தில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு என்95ஐ எடுத்து மாட்டிக்கொண்டு போனேன், பெரிய யோக்கியன் மாதிரி. தோல்பையோடு தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். முகத்துக்கு நேராக ஒரு பீய்ச்சு. நனைந்த மாஸ்க்கில் மூச்சு விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஈரத் துணியை மூக்கில் வைத்து அமுக்கியது மாதிரி. பிய்த்தெடுத்துப் பைக்குள் போட்டேன். விடியும்வரை எடுக்கவில்லை, எடுக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. இரண்டு வருடம் காத்திருந்த சனங்கள் எல்லோர் முகத்திலும் அழுகையும் சிரிப்புமாக இருந்தது. அதற்குள் நானும் இருந்தேன்.

அந்த விடியலில் ஆற்றங்கரை நெரிசலில் சிக்கி இரண்டு பேர் செத்துப்போனார்கள். வீட்டுக்கு வந்து டிவியில்தான் தெரிந்தது. இரண்டு வருடமாகக் கூட்டம் வேண்டாம் என்றது ஒரு பயத்துக்காக, கூட்டம் கொண்டுபோனது வேறு வழியில். அத்தை டிவியை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

சென்னை ஐ.ஐ.டி.யில் தொற்று பரவுகிறது என்ற செய்தி அதற்கடுத்த வாரம் வந்தது. மூன்று பேரில் ஆரம்பித்து சில நாளில் நூறைத் தாண்டியது. ஏப்ரல் 22, மாஸ்க் இல்லையென்றால் மறுபடி 500 ரூபாய் அபராதம் என்று அரசு அறிவித்தது. மறுநாளே டீக்கடையில் பெஞ்சில் இருந்த ஐந்து பேரில் மூன்று பேர் கழுத்தில் மாஸ்க். டீ குடிக்கும்போது கழுத்தில்தானே இருக்கும் என்றால் அதுவும் நியாயம்தான். ஜெராக்ஸ் கடையில் விலை 5லிருந்து 10.

25ஆம் தேதி திங்கட்கிழமை அத்தையோடு வங்கிக்குக் கிளம்பினேன். என்னிடம் இருந்த மாஸ்க் எல்லாம் தீர்ந்துவிட்டது. வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்றேன். அத்தை பீரோவைத் திறந்து, புடவைக்கு அடியிலிருந்து ஒரு காகித உறையை எடுத்தார். 2020இல் ரேஷன் கடையில் ஆளுக்கு 2 என்று கொடுத்த துணி மாஸ்க். இரண்டு பேருக்கும் சேர்த்து 4. அதில் மூன்று, மடிப்புக் கலையாமல் இருந்தன.

“மாமா ஒண்ணைத்தான் எடுத்தாரு. அதையும் போட்டது ரெண்டு தடவை. மிச்சத்தை அப்புறம் போட்டுக்கலாம்னாரு.”

ஒன்றை என்னிடம் கொடுத்தார். இன்னொன்றைத் தான் கட்டிக்கொண்டார், கண்ணாடியில் பார்த்து மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

வங்கியில் இந்தத் தடவை மேனேஜரும் போட்டிருந்தார். பத்திரத்தில் கையெழுத்து, சாட்சிகள், ரேகை, எல்லாம் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. பணம் பத்து நாளில் அத்தை கணக்குக்கு வந்துவிடும் என்றார்கள், நான் திரும்பியபின் வந்தும் விட்டது. ஒரு சிரமம்தான். உறைக்குள்ளேயே இரண்டு வருடம் கிடந்து எலாஸ்டிக் இற்றுப்போயிருந்தது. பேசப் பேச மாஸ்க் சரிந்து மூக்குக்குக் கீழே வந்து நின்றது. ஏற்றினேன், சரிந்தது. மூன்றாவது தடவைக்கு மேல் விட்டுவிட்டேன். வாட்ச்மேன் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.