நெல்லுக்குக் குவிமாடமா, இரும்புக் குதிரா?

குறுவை அறுவடையும் ஐப்பசி மழையும் கைகோத்து வரும்போதெல்லாம் தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் நெல் முளைத்த செய்தியும் வந்துவிடும். ‘ஊருக்கு ஒரு கான்கிரீட் குவிமாடம் கட்டினால் என்ன?’ என்று நண்பர் கேட்டார். கேள்வி நியாயம்தான். உருண்டைக் களஞ்சியம் நமக்குப் புதிதுமல்ல; பாபநாசம் திருப்பாலைத்துறைக் கோயிலின் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் 3000 கலம் கொள்ளும்.

இன்றைய குவிமாடத்தைக் கட்டும் முறை வேறு. பெரிய பலூனை ஊதி நிறுத்தி, உள்ளிருந்து நுரை தெளித்து, கம்பி கட்டி, கான்கிரீட்டைப் பீய்ச்சுகிறார்கள். 1976இல் அமெரிக்காவின் ஐடஹோவில் இப்படி எழுந்த முதல் குவிமாடம் உருளைக்கிழங்குக்கானது. 2018 கஜா புயலில் தகரக் கூரைகள் பறந்ததைப் பார்த்த டெல்டாக்காரருக்கு அதன் உறுதியே பெரிய கவர்ச்சி. கான்கிரீட்டுக்கு வெளிப்புறமாக அமையும் நுரை வெயிலையும் தடுக்கிறது. இதற்கு மாற்றான இரும்புக் குதிரோ, அதாவது சைலோவோ, பகலில் காய்ந்து இரவில் குளிர்வதால், கூரையின் உட்புறம் வியர்த்து நெல்லின்மேல் சொட்டும்.

இதுவரை குவிமாடத்துக்கே வெற்றி. போட்ட நெல்லை எடுக்கப் போகும்போதுதான் சிக்கல்.

30 மீட்டர் விட்டமுள்ள அரைக்கோளத்தில் உச்சியிலிருந்து கொட்டினால் ஏறத்தாழ 3000 டன் நெல் பிடிக்கும். நெல் சுமார் 36 பாகைச் சரிவில் நின்றுவிடும். தரையின் நடுவில் ஒரே திறப்பு வைத்தால், கணக்குப்படி மூன்றில் ஒரு பங்குதான் தானாக இறங்கும். மற்றதைச் சுழலும் திருகு இயந்திரமோ, உள்ளே இறக்கிய அள்ளு வண்டியோ நடுவுக்குத் தள்ள வேண்டும். அதற்குள் மேலே புதுநெல் கொட்டினால், அதுவே முதலில் வெளியேறும்; ஓரத்துப் பழையது அப்படியே கிடக்கும். சரிவில் ஆள் இறங்கினால் புதைந்துபோகும் ஆபத்து வேறு. கூம்பு அடியுள்ள சைலோவில் இந்தத் தொல்லை இல்லை. மதகைத் திறந்தால் கடைசி நெல்மணிவரை இறங்கும். பாட்டி வீட்டுக் குதிரின் அடித்துளையும் அதே வேலையைத்தான் செய்தது.

ஈரத்தில் இரண்டுக்கும் சலுகை கிடையாது. கொள்முதலில் 17 சதவீத ஈரப்பதம்வரை எடுக்கிறார்கள். பெருங்குவியலாக மாதக்கணக்கில் வைக்க 14-க்குக் கீழே வர வேண்டும். உலர்த்தி இல்லாமல் இரண்டில் எதைக் கட்டினாலும் நெல் உள்ளேயே புழுங்கிப் பழுப்பேறும். மூட்டையிலாவது இடையே காற்று புகும்.

கொள்முதல் நிலையத்துக்கு நான் சிறு சைலோக்களின் வரிசையையே கேட்பேன். சன்ன ரகத்தையும் பொது ரகத்தையும் பிரித்து வைக்க வேண்டுமே! குவிமாடத்தை, ரயிலடி ஒட்டி, ஒரே ரகத்தை நீண்டகாலம் இருப்பு வைக்கக் கட்டலாம். தரைக்கடியில் சுரங்கப்பாதையும் கன்வேயரும் சேர்த்தே திட்டமிட்டால்தான். அரவை ஆலைகள் இன்னும் மூட்டையாகவே கேட்டால், உதிரியாக வரும் நெல்லை மீண்டும் சாக்கில் பிடிக்கும் கூலியையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.